வெயிற்குடையா, மழைக்குடையா? ‘பாரசோல்’ பற்றிய கேள்வி பதில்

‘பாரசோல்’ என்ற சொல்லை ஒட்டி நீலகிரி, பழனி மலைப் பகுதிகளிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும். சொல்லில் தொடங்கியவர்கள் கேரட், காளான், காற்று என்று பல பக்கம் போய்விட்டார்கள். வந்த வரிசையிலேயே இருக்கட்டும்.

குன்னூர், ஹோம்ஸ்டே நடத்துபவர்: ஐயா, முற்றத்தில் மேசைக்கு மேலே வைக்கப் பெரிய குடை வாங்க வேண்டும். ஒரு விலைப்பட்டியலில் ‘பாரசோல்’, இன்னொன்றில் ‘கார்டன் அம்ப்ரெல்லா’. இரண்டும் ஒன்றுதானா?

கடைக்காரரைப் பொறுத்தவரை ஒன்றுதான். நடுவில் கம்பு, கீழே பாரமான அடிப்பீடம், 2 முதல் 3 மீட்டர் அகலம். ஐரோப்பிய வழக்கில் அதற்குப் பாரசோல் என்று பெயர். ஆனால் அந்தப் பெயரில் விற்பவை பல வெயிலை மனதில் வைத்தே தைக்கப்பட்டவை. தையலில் நீர்த்தடுப்பு நாடா இருக்காது, ஒரு சாரல் தாங்கும், மழை தாங்காது. குன்னூருக்கு வாங்குகிறீர்கள், அதனால் பெயரை விட்டுவிட்டுத் துணியின் நீர்த்தடுப்பைக் கேளுங்கள்.

சொல்லின் கதை: இத்தாலிய மொழியில் ‘பராரே’ என்றால் தடு, விலக்கு. ‘சோலே’ சூரியன். இரண்டும் சேர்ந்து ‘பரசோலே’, வெயில்தடுப்பி. அது பிரெஞ்சு வழியாக 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்கு வந்தது. அம்ப்ரெல்லாவோ லத்தீன் ‘உம்ப்ரா’விலிருந்து வந்தது. உம்ப்ரா என்றால் நிழல். ஆக, இன்று மழைக்குப் பிடிக்கும் அம்ப்ரெல்லாவுக்கும் சொல்லளவில் மழையோடு தொடர்பே இல்லை. 1611-இல் தாமஸ் கோரியட் என்ற ஆங்கிலேயப் பயணி இத்தாலியில் அம்ப்ரெல்லாவைப் பார்த்து எழுதியபோதும், குதிரையில் போகிறவர்கள் வெயிலுக்குப் பிடிப்பது என்றுதான் எழுதினார்.

பிரெஞ்சுக்காரர்கள் இதில் கறார். மழைக்கு ‘பராப்ளுயி’. வெயிலுக்குக் கையில் பிடிக்கும் சிறியது ‘ஓம்ப்ரெல்’. தரையில் நட்டுவைக்கும் பெரியதுதான் ‘பாரசோல்’. இத்தாலியில் ‘ஓம்ப்ரெல்லோ’ மழைக்கு, கடற்கரையில் நடும் பெரியது ‘ஓம்ப்ரெல்லோனே’.

அதே குன்னூர்க்காரர்: அப்படியானால் பாராசூட், பாராகிராஃப், பாராசைட் எல்லாமே ‘தடுப்பு’தானா?

பாராசூட் ஆம். ‘சூட்’ என்பது பிரெஞ்சில் விழுதல். விழுதலைத் தடுப்பது. மற்ற இரண்டும் வேறு குடும்பம், அவற்றில் உள்ளது கிரேக்க ‘பாரா’, ‘பக்கத்தில்’ என்று பொருள். எழுத்து ஒன்று, வேர் வேறு.

உங்களுக்கு நெருக்கமான இன்னொரு உறவைச் சொல்கிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது கொண்டையூசி வளைவுகளில் சாலையோரம் இருக்கிறதே, பாரபெட் சுவர். அது இத்தாலிய ‘பராபெத்தோ’. பெத்தோ என்றால் மார்பு. மார்பளவுக்குத் தடுப்பது. பாரசோலுக்குச் சொந்தத் தம்பி.

கோத்தகிரி, தமிழாசிரியை: தமிழில் வெயிலுக்கொரு சொல், மழைக்கொரு சொல் என்று பிரிவு உண்டா? எல்லாமே குடை என்றுதான் சொல்கிறோம்.

அடிச்சொல்லில் பிரிவு இல்லை. பாரசோல் எதைத் தடுக்கிறது என்று சொல்கிறது, அம்ப்ரெல்லா எதைத் தருகிறது என்று சொல்கிறது. நம் குடை இரண்டையும் சொல்வதில்லை. அது வடிவத்துக்கான பெயர். அதனால்தான் வெயில், மழை, அரசன், சாமி, காளான் என எதன்மேல் வேண்டுமானாலும் விரிகிறது. ‘கவிகை’யும் அப்படியே, கவிந்திருப்பது. குறளில் உலகம் தங்குவது அரசனின் கவிகைக்கீழ்தான்.

பாரசோலுக்கு அச்சு அசலாக ஒத்துப்போகும் சொல் வடமொழியில் இருக்கிறது: ஆதபத்திரம். ஆதபம் வெயில், ‘த்ர’ காப்பது. ‘சத்திரம்’ என்பதற்கும் குடை என்று பொருள் உண்டு, மூடுதல் என்ற வேரிலிருந்து. சத்ரபதி என்றால் குடைக்குரியவன். வழிப்போக்கர் தங்கும் சத்திரம் வேறு வடசொல்லிலிருந்து வந்தது. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன, வகுப்பில் பிரித்துச் சொல்லுங்கள்.

குடை முதலில் வெயிலுக்கும் மதிப்புக்கும்தான் என்பதற்கு ஒரு பழமொழியே போதும். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான். மழைக்காகப் பிடிப்பது என்றால் இரவில் பிடிப்பதில் கேலிக்கு என்ன இருக்கிறது? புறநானூறு 35-இல் வெள்ளைக்குடி நாகனார் சோழன் கிள்ளிவளவனிடம் நிலவரியை நீக்கக் கேட்கும் இடம் இன்னும் கூர்மை. உன் குடை வெயிலை மறைக்கவா, இல்லை, வருந்தும் குடிகளை மறைத்துக் காக்கத்தான் என்கிறார். அந்த வாதம் எடுபட வேண்டுமானால், குடை என்றதும் கேட்பவன் மனதில் முதலில் வெயில்தான் வர வேண்டும்.

நம் பேருந்து நிறுத்தங்களில் எழுதியிருக்கும் ‘பயணிகள் நிழற்குடை’ சமவெளியில் பிறந்த சொல். ஆடிச் சாரலில் ஊட்டியில் அதற்குள் ஒதுங்கி நிற்பவர் யாரும் நிழலுக்காக நிற்பதில்லை. மலைச்சாலையில் லாரி ‘குடைசாய்ந்தது’ என்று செய்தித்தாள் எழுதுவதையும் மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். எந்தக் குடை என்று யோசிப்பார்கள்.

ஊட்டி, கல்லூரி மாணவர்: குடைதல் என்ற வினையிலிருந்துதான் குடை வந்ததா?

உட்குழிவாக இருப்பதால் அப்படித் தோன்றும். ஆனால் பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி இரண்டையும் தனித்தனிப் பதிவாகவே வைத்திருக்கிறது. குடைக்கு இணையாக மலையாளத்தில் குட, கன்னடத்தில் கொடெ, தெலுங்கில் கொடுகு. எமனோ 1930-களில் உங்கள் நீலகிரியில் தங்கித் தோடர், கோத்தர் மொழிகளைப் பதிவுசெய்தவர்.

கொடைக்கானல், வழிகாட்டி: குடை போல மேகம் கவிவதால் ‘குடைக்கானல்’, அதுவே கொடைக்கானல் ஆயிற்று என்று சுற்றுலா வருபவர்களிடம் சொல்கிறோம். சரியா அண்ணா?

கேட்க நன்றாக இருக்கிறது, சொல்லாதீர்கள். பேச்சுத்தமிழில் அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வந்தால் முன்னுள்ள உகரம் ஒகரமாகும். குடம் கொடம், உலக்கை ஒலக்கை, அதுபோலக் குடை கொடை. இந்த ஒலி ஒற்றுமைதான் கதையைப் பிறப்பித்திருக்கிறது. ஊர்ப்பெயருக்குக் கோடை, கொடை, கொடி என்று விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. சங்கப் பாடல்களில் வரும் கோடைமலையைப் பலர் உங்கள் மலையோடு இணைக்கிறார்கள். அதைச் சொன்னாலே வருபவர்கள் நின்று கேட்பார்கள்.

கேத்தி, கேரட் விவசாயி: தோட்டக்கலை கையேட்டில் கேரட்டை ‘அம்பெல்’ குடும்பம் என்று போட்டிருக்கிறார்கள். அதுவும் குடையா?

அதேதான். உம்ப்ராவின் குட்டி ‘உம்பெல்லா’, சின்ன நிழல். அதிலிருந்து அம்பெல், தமிழில் குடைமஞ்சரி. பூத்த கேரட்டைக் கவிழ்த்துப் பாருங்கள். ஒரே புள்ளியிலிருந்து குடைக்கம்பிகள்போலக் காம்புகள் பிரியும், ஒவ்வொன்றின் நுனியிலும் இன்னொரு குட்டிக்குடை. கொத்தமல்லி, சீரகம், பெருஞ்சீரகம் எல்லாம் இதே அமைப்பு.

விற்பனைக்கு வைத்த பாத்தியில் இந்தக் குடை விரிந்தால் நஷ்டம். வளர்ந்த செடி 10 டிகிரிக்குக் கீழே சில வாரம் தொடர்ந்து குளிர் வாங்கினால் பூக்கத் தயாராகிவிடும். பூத்தண்டு எழும்பியதும் கிழங்கின் நடு நரம்பு கட்டையாகும். தண்டை ஒடித்துவிட்டால் சரியாகும் என்பது தவறு, கட்டையானது திரும்ப இளகாது. கண்டதும் பிடுங்கிவிடுங்கள். ஆனால் ஐரோப்பிய ரகங்களுக்கு விதை எடுக்க இதே குளிர்தான் வேண்டும். சமவெளியில் அவை எளிதில் பூக்காததற்கும் மலையில் விதை எடுக்க முடிவதற்கும் அதுவே காரணம்.

பூம்பாறை: ‘பாரசோல் காளான்’ தின்னலாம் என்று வீடியோவில் காட்டுகிறார்கள். மழைக்குப் பிறகு எங்கள் புல்வெளியில் அதே மாதிரி முளைக்கிறது. பறிக்கலாமா?

பறிக்க வேண்டாம். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ‘வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் யாரும் கேட்பதில்லை.

வீடியோவில் காட்டுவது மேக்ரோலெபியோட்டா புரோசெரா. இளசில் முரசடிக்கும் குச்சிபோல, மடக்கிய குடையாக நிற்கும். பிறகு 10 முதல் 25 சென்டிமீட்டர் அகலத்துக்கு விரியும். பெயர்க்காரணம் அதுதான். ஜெர்மானியரும் ஜப்பானியரும் அதைக் குடை என்றே அழைக்கிறார்கள். நாம் எல்லாக் காட்டுக்காளானையும் நாய்க்குடை என்று ஒதுக்கிவைத்தோம், அந்தச் சொல்லிலேயே ஓர் எச்சரிக்கை இருக்கிறது.

இதற்கு ஒரு போலி உண்டு, குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ். அளவு, நிறம், செதில், தண்டில் வளையம் எல்லாம் ஏறக்குறைய அப்படியே. அதுவும் புல்வெளியில்தான் வரும். தின்றால் 1 முதல் 3 மணி நேரத்தில் கடும் வாந்தியும் பேதியும். அசலின் தண்டில் பாம்புத்தோல்போல வரிகள் இருக்கும், போலியின் தண்டு வழுவழுப்பு. ஆனால் மழையில் நனைந்த காளானில் இதை நம்ப முடியாது. வளையம் மேலும் கீழும் நகர்வதும் முடிவான அடையாளம் அல்ல.

தெளிவாகக் காட்டுவது காளானின் அடியிலிருந்து உதிரும் வித்துத்தூளின் (ஸ்போர்) நிறம். தண்டை வெட்டிவிட்டு, குடையை அதன் அடிப்பக்கத்து மடிப்புகள் கீழே இருக்கும்படி வைக்க வேண்டும், பாதி வெள்ளை பாதி கறுப்புத் தாள்மேல். கிண்ணத்தால் மூடி ஓர் இரவு விட்டால் தூள் படியும். வெள்ளை அல்லது பாலேடு நிறம் அசலுக்கு, மங்கிய பச்சை போலிக்கு. இளங்காளானில் இரண்டுக்கும் மடிப்புகள் வெள்ளையாகவே இருப்பதால், கண்ணால் பார்த்துச் சொல்பவர் ஏமாறுவார்.

இதோடு முடியவில்லை. உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னக் குடைகளான லெபியோட்டாக்களில் சிலவற்றுக்கு வித்துத்தூள் வெள்ளையாகவே விழும், நஞ்சு ஈரலைத் தாக்கும். 6 மணி நேரத்துக்குப் பிறகுதான் தொந்தரவு தொடங்கும். நடுவில் தேறியதுபோல இருக்கும், பிறகு ஈரல் செயலிழக்கும். மஞ்சள் போட்டுக் கொதிக்க வைத்தால் நிறம் மாறும், வெள்ளிக்காசு கறுக்கும், பூச்சி அரித்திருந்தால் நல்லது என்பவை எதுவும் சோதனையே அல்ல. கொதித்தாலும் இந்த நஞ்சு அழியாது. யாராவது தின்றுவிட்டால் வாந்திக்குக் காத்திராமல், மிச்சக் காளானையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போகவும்.

கோத்தகிரி, புகைப்படக்காரர்: பழைய லென்ஸோடு வந்த ஸ்பானிய விளக்கத்தாளில் ‘பாரசோல்’ என்று இருக்கிறது.

லென்ஸ் ஹூட். பக்கவாட்டு ஒளி கண்ணாடியில் விழாமல் தடுப்பது. காரில் ஓட்டுநர் தலைக்கு மேலே மடக்கும் வெயில்மறைப்புக்கும் அதே பெயர் உண்டு. விமானத்தில் பாரசோல் என்றால் உடலுக்கு மேலே தாங்குகட்டைகளில் நிற்கும் ஒற்றை இறக்கை. 1913-இன் மொரான் சோல்னியே எல் அதற்கு நல்ல உதாரணம்.

ஊட்டி, இல்லத்தரசி: குளிராக இருக்கிறதே, இங்கே வெயிலுக்குக் குடை தேவையா? கறுப்பா, வெள்ளையா?

தேவைதான் அம்மா. உயரம் 1000 மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். ஊட்டி 2240 மீட்டர். சூடு தெரியாததால் தோல் கன்றுவதும் தெரியாது. மெல்லிய மேகம் கதிரைப் பெரிதாகத் தடுக்காது. ஒரே நெசவில் வெள்ளையைவிடக் கறுப்பு அதிகம் தடுக்கும். துணியின் புற ஊதாத் தடுப்பு அளவான யூபிஎஃப் 50 என்று இருந்தால் ஐம்பதில் ஒரு பங்குதான் துணி வழியாக வரும். பக்கங்களிலிருந்து சிதறி வருவதைக் குடை தடுக்காது, முழுக்கை உடையும் வேண்டும்.

மறுபடியும் குன்னூர்: 2.7 மீட்டர் குடையை முடிவுசெய்துவிட்டேன். அடிப்பீடம் எத்தனை கிலோ?

மேசையின் துளை வழியாக நின்றால் 25 கிலோ, தனியாக நின்றால் 40 கிலோ. இது குறைந்தபட்சம். பக்கத்துத் தூணிலிருந்து தொங்கும் வகை வேண்டாம், அதற்கு 100 கிலோ வைத்தாலும் மலைக்காற்றில் நிம்மதி இருக்காது. தண்ணீர் நிரப்பும் பீடமானால் மணல் நிரப்புங்கள். 25 லிட்டர் தண்ணீர் 25 கிலோ, அதே இடத்தில் உலர்மணல் ஏறக்குறைய 40 கிலோ. ஈரமணல் போட்டால் உள்ளே இரும்பு துருப்பிடிக்கும்.

கம்பின் தடிமனையும் பீடத்தின் துளையையும் அளந்து வாங்குங்கள். 38 மில்லிமீட்டர் கம்பை 48 மில்லிமீட்டர் துளையில் விட்டு ஆப்பு வைத்தால், ஆடி ஆடித் துளை வாயில்தான் கம்பு முறியும். துணியின் உச்சியில் காற்றுப்போக்கி இருக்க வேண்டும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. மணிக்கு 40 கிலோமீட்டர் காற்றில் இந்த அளவுக் குடையை 30, 35 கிலோ விசை தூக்கும். துணியின் ஓரம் படபடக்கத் தொடங்கியதும் மடக்கிக் கயிறு கட்டிவிடுங்கள். அலுமினியக் கம்பி ஒருமுறை வளைந்தால் அதே இடத்தில் மறுபடி வளையும். கண்ணாடியிழைக் கம்பி வளைந்து நிமிரும்.

மற்றொன்று பனிமூட்டம். மழை பெய்யவே இல்லை என்று மாலையில் மடக்கி உறை போட்டுவிடுவார்கள். துணி மூட்டத்திலேயே நனைந்திருக்கும், சில நாளில் மடிப்புகளில் கரும்புள்ளி பிடிக்கும். பாதி விரித்து, கூரைக்கு அடியில் காயவிட்டுப் பிறகு உறை போடுங்கள். புள்ளி வந்துவிட்டால் சோப்பு நீரும் மெல்லிய பிரஷ்ஷும் போதும். பிளீச்சிங் பவுடர் புள்ளியோடு தையல் நூலையும் நீர்த்தடுப்புப் பூச்சையும் தின்றுவிடும்.