தறித்தெருவில் ராப்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ஏகாம்பரகுப்பம் தம்பி: அண்ணா, ராப் ஏழைங்க கஷ்டத்தைப் பாடத்தான் பிறந்ததா?

இல்லப்பா, கொண்டாட்டத்துக்குப் பிறந்தது. 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்கின் பிராங்க்ஸ். பள்ளி திறக்கிற நேரம், சிண்டி என்ற பெண்ணுக்குப் புதுத்துணி எடுக்கக் காசு வேண்டும். நுழைவுக் கட்டணம் வாங்கி ஒரு பார்ட்டி வைத்தார்கள். அவளுடைய அண்ணன் கூல் ஹெர்க் இசைத்தட்டு சுழற்றினார். ஆனால் அந்தப் பகுதி இருந்த நிலை என்ன? வீடுகளை இடித்து நடுவே விரைவுச்சாலை போட்டிருந்தார்கள். காப்பீட்டுப் பணத்துக்காகக் கட்டடத்துக்குத் தீ வைத்த வீட்டுக்காரர்களும் உண்டு. அங்கே ஆடினவர்கள் எத்தனை நாள் அதைப் பேசாமல் இருப்பார்கள்? 1982-இல் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவின் 'தி மெசேஜ்' பாட்டு வந்தது. உடைந்த கண்ணாடி, எலி, கரப்பான், மூத்திர நாற்றம் எல்லாம் பாட்டுக்குள் நுழைந்தன. இதை வைத்து யார் ஆடுவார்கள் என்று அந்தக் குழுவுக்குள்ளேயே தயக்கம் இருந்ததாம்!

புத்தூர் அக்கா: கெட்ட வார்த்தையும் துப்பாக்கியுமாத்தானே இருக்குது?

சிலது அப்படித்தான் அக்கா, அதை நான் தாங்கிப் பேசமாட்டேன். பார்த்ததைச் சொல்கிறவனையும் வீரம் பேசுகிறவனையும் பிரித்துக் கேளுங்கள். பார்த்ததைப் பாடிய அமெரிக்க ராப் பாடகர் கென்ட்ரிக் லமாருக்கு 2018-இல் அந்த நாட்டின் பெரிய விருதான புலிட்சர் பரிசே கிடைத்தது.

திருத்தணி தங்கை: நம்ம கானாதானே அண்ணா ராப்?

உறவுக்காரர்கள், ஒரே ஆள் இல்லைம்மா. கானா, சாவு வீட்டிலும் தெருமுனையிலும் ராகம் போட்டு வளர்ந்தது. ராப் பேச்சின் தாளத்தில் ஓடுவது. இரண்டையும் பறையோடு ஒரே மேடையில் ஏற்றியது காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற சென்னை இசைக்குழு. அதில் ராப் பாடிய அறிவு என்பவர் உங்களுக்கு அடுத்த ஊர், அரக்கோணம். ரயிலில் கொஞ்ச நேரம்தான்! எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

நகரி தம்பி: பவர்லூம்ல ராத்திரி ஷிப்ட் அண்ணா. தமிழ்ல எழுதவா, தெலுங்குலயா?

தறிமேட்டில் எப்படிப் பேசுகிறாயோ அப்படியே, கலந்து எழுது. ஒரு நுணுக்கம் சொல்கிறேன். நம் எதுகை அடியின் தொடக்கத்தில் வரும். ராப்பில் காது வரியின் முடிவுக்குக் காத்திருக்கும். தமிழ் வாக்கியமோ வினைச்சொல்லில் முடியும். விட்டால் எல்லா வரியும் 'ஓடுறான், தேடுறான்' என்றே போய்ச் சலித்துவிடும். வாக்கியத்தைத் திருப்பிப் போட்டு நூல், கூலி, பாவு மாதிரிப் பெயர்ச்சொல்லைக் கடைசியில் நிறுத்து. நாலு தட்டில் இரண்டாவதும் நாலாவதும் அழுத்தம். கனமான சொல் அங்கே விழட்டும். தாளத்துக்குத் தனியாகக் காசு செலவழிக்காதே, நாடா ஓடுகிற சத்தத்தை போனில் பதிந்துகொள்.

அதே தம்பி: முதலாளி பேரைப் போடலாமா?

வேண்டாம்பா, வேலை போய்விடும். வாங்கின முன்பணம் எவ்வளவு, வாரக்கூலியில் பிடித்தது எவ்வளவு, சனிக்கிழமை கைக்கு வந்தது எவ்வளவு என்று வரிசையாகப் பாடு. யார் என்று தெருவுக்கே தெரியும்.