கரும்புக்கு இனிப்பேற்றியவரா ஜானகி அம்மாள்?

அன்புள்ள ஐயா,

நான் பள்ளி அறிவியல் ஆசிரியை. மாணவிகளிடம் தாவரவியலாளர் ஜானகி அம்மாளைப் பற்றிப் பேசும்போது, ‘இந்தியக் கரும்பை இனிக்க வைத்தவர்’ என்று அறிமுகப்படுத்தினேன். அது தவறு என்கிறார் உடன் பணிபுரிபவர். தவறென்றால், வேறு எப்படித்தான் சொல்வது?

க.

அன்புள்ள க. அவர்களுக்கு,

உங்கள் சக ஆசிரியர் சொல்வதே சரி. கோவைக் கரும்பு இனப்பெருக்க நிலையம் 1912-இல் தொடங்கப்பட்டது. அங்கே விஞ்ஞானிகள் பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும் தடித்த இனிப்புக் கரும்பை நாணலோடு கலந்து உருவாக்கிய கோ 205 ரகம் 1918-இலேயே வட இந்திய வயல்களுக்குப் போய்விட்டது. ஜானகி அம்மாள் கோவைக்கு வந்தது 1934-இல். தவிர, இனிப்பு கரும்பில் முன்பே இருந்தது. நாணல் தந்தது தாங்கும் வலிமையை. வாட்ஸப் செய்திக்குள் இனிப்பு அடங்கிவிடுகிறது, குரோமோசோம் அடங்குவதில்லை என்பதால்தான் இந்த வாசகம் இப்படிப் பரவியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

அவர் செய்தது குரோமோசோம் வேலை, அதாவது உயிரணுவுக்குள் மரபுப் பண்புகளைச் சுமக்கும் இழைகளைப் பற்றிய ஆய்வு. ஆற்றங்கரையில் வெள்ளைப் பூங்கதிரோடு அசைகிற நாணல், பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும், ஊருக்கு ஊர் குரோமோசோம் எண்ணிக்கையில் வேறுபடும். சிலவற்றில் 40, சிலவற்றில் நூற்றுக்கும் மேல். இந்த வேறுபாட்டைக் கணக்கிட்டு ஆராய்ந்ததோடு, கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்த இனத்தைப் பற்றியும் அவர் 1938-இல் எழுதினார். கல்லூரியில் வெங்காய வேர்நுனியைச் சாயமேற்றிக் கண்ணாடிச் சில்லுக்கடியில் நசுக்கி, வெறும் 16 குரோமோசோம்களை எண்ணுவதற்குள் எனக்குக் கண் பூத்துப்போனது நினைவிருக்கிறது. ஒன்றன்மேல் ஒன்று விழுந்துகிடக்கும் நூறை எண்ணுவதற்கு எத்தனை பொறுமை வேண்டியிருந்திருக்கும்!

1897-இல் தலச்சேரியில் பிறந்து, சென்னை மகளிர் கிறித்துவக் கல்லூரியில் கற்பித்துக்கொண்டிருந்தவர், உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குச் சென்று 1931-இல் அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றார். திருவனந்தபுரத்தில் சில காலம் பேராசிரியராகவும் இருந்தார். போர்க்காலத்தில் இங்கிலாந்தில் ஆய்வு செய்து, மரபியலாளர் டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸை 1945-இல் வெளியிட்டார். பிறகு அங்குள்ள விஸ்லி தோட்டத்தில், குரோமோசோம்களை இரட்டிப்பாக்கும் கால்ச்சிசின் என்ற வேதிப்பொருளை மக்னோலியா பூமர நாற்றுகளின் குருத்தில் இட்டுப் பார்த்தார். அவற்றுள் ஒரு வகை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நேருவின் அழைப்பை ஏற்று 1951-இல் நாடு திரும்பியவருக்கு, இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பு தரப்பட்டது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அவருடைய கடைசிக் காலம்தான். எண்பது வயதைக் கடந்தும், கேரளத்தின் சைலன்ட் வேலிக் காட்டில் அணை கட்டுவதை எதிர்த்ததோடு நில்லாமல், அந்தக் காட்டுத் தாவரங்களின் குரோமோசோம்களையும் ஆராய முனைந்தார். 1984-இல் இறக்கும்வரை, சென்னையை அடுத்த மதுரவாயலில் இருந்த பல்கலைக்கழகக் கள ஆய்வகமே அவருக்கு வீடும் வேலையிடமுமாக இருந்தது.

எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். சொல்வதற்கு முன், ஒரு வெங்காயத்தின் அடிப்பாகம் மட்டும் நீரில் படும்படி குவளையின் வாயில் வைத்துவிடுங்கள். சில நாளில் வேர்விடும். நுண்ணோக்கி கிடைத்தால் மாணவிகளையே எண்ணச் சொல்லுங்கள். பதினாறு வராவிட்டால் மறுபடியும் எண்ணட்டும்.