ஜெர்மனி, மலேசியா: இரண்டில் வாழ்க்கைத் தரம் எங்கே உயர்வு?

இரண்டு நாட்டிலும் வேலை கிடைத்திருக்கிறது, மனைவியும் கைக்குழந்தையும் இருக்கிறார்கள், தமிழ்நாட்டிலிருந்து கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். "சம்பளத்தை விடுங்கள், வாழ்க்கைத் தரம் எங்கே உயர்வு?" என்று நீங்கள் கேட்டிருந்ததால்தான் எழுத வந்தேன். நான் மலேசியாவில், பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் பிறந்தவன். ஜெர்மனியின் டோர்ட்மண்டில் சில வருஷம் வேலை பார்த்தேன், அப்பாவுக்கு முடியாமல் போகவே திரும்பி வந்துவிட்டேன்.

சாப்பாட்டில் போட்டியே கிடையாது. பினாங்கில் ராத்திரி ரெண்டு மணிக்கும் ரொட்டி சானாய் கிடைக்கும்; அங்கே ஞாயிற்றுக்கிழமை சூப்பர்மார்க்கெட்டே பூட்டிக் கிடக்கும். ஜெர்மனியிலும் கோயில் உண்டு. ஹாம் நகரில் இலங்கைத் தமிழர்கள் கட்டிய காமாட்சி அம்மன் கோயிலுக்கு 2002-இல் குடமுழுக்கு நடந்தது. பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில் தைப்பூசம் போல வருமா என்றால் வராது. இதெல்லாம் போகப் போகப் பழகிவிடும்.

எனக்குப் பழகாதது, திரும்பி வந்தபின் இங்கே காய்ச்சலில் படுப்பதுதான்.

அங்கே ஒருநாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வேலைக்குப் போனேன். மேலாளர் அம்மா வாசலிலேயே நிறுத்தி, "வீட்டுக்குப் போ, மற்றவர்களுக்கும் ஒட்டவைக்காதே" என்றார். நோயில் விழுந்தால் 6 வாரம் வரை முதலாளி முழுச் சம்பளம் தர வேண்டும் என்பது அங்கே சட்டம். ஆண்டு விடுப்பின் நடுவே காய்ச்சல் வந்தால், டாக்டர் சீட்டைக் காட்டினால் அந்த நாட்கள் திரும்பக் கிடைக்கும். வேடிக்கை என்னவென்றால், எங்கள் மலேசியாவின் 1955 வேலைவாய்ப்புச் சட்டத்திலும் அப்படித்தான் இருக்கிறது. இங்கே எச்.ஆரிடம் கேட்டேன், சிரித்தார்.

பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளில் டெங்கி வந்து படுத்தேன். கையில் டிரிப் ஏறுகிறது, மேலாளர் வாட்ஸப்பில் ரிப்போர்ட் கேட்கிறார். "எம்.சி.யில் (மருத்துவ விடுப்பில்) இருக்கேன் பாஸ்" என்றதற்கு, "லேப்டாப் கூட இருக்குல்ல?" என்று பதில். அனுப்பினேன். வேறென்ன செய்ய?

எல்லாக் கம்பெனியும் அப்படியில்லை, தெரியும். ஜெர்மனிக்கு ஜால்ரா போடுகிறேன் என்று வருபவர்களுக்கு: வரியும் காப்பீடும் பிடித்தபின் முதல் மாதச் சம்பளத்தைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. நவம்பர் கடைசியில் சாயங்காலம் நாலரைக்கே இருட்டிவிடும். ஸ்பெஷலிஸ்டைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருந்திருக்கிறேன். இங்கே அரசாங்க கிளினிக்கில் 1 வெள்ளிக்கு (ரிங்கிட்) டாக்டரைப் பார்க்கிறோம். ஆனால் அது குடிமக்களுக்கு. வெளிநாட்டவரான உங்களுக்குக் கட்டணம் வேறு. அங்கே நீங்கள் பொது மருத்துவக் காப்பீட்டில் இருந்தால், அதிலேயே வேலைக்குப் போகாத மனைவியும் குழந்தையும் தனிச் சந்தா இல்லாமல் சேர்ந்துவிடுவார்கள்.

வாடகை வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்கவில்லை என்றாலும். டோர்ட்மண்டில் என் பெயரைப் பார்த்துப் பதிலே போடாத வீட்டுக்காரர்கள் உண்டு. இங்கே விளம்பரத்திலேயே "இந்தியர்களுக்கு இல்லை" என்று போடுகிறார்கள். ஏஜெண்டுக்குப் போன் செய்தேன். மலாயில்தான் பேசினேன், நன்றாகத்தான் பேசினார், பெயரைக் கேட்டதும் "வீடு போயிடுச்சு" என்றார். அந்த விளம்பரம் அடுத்த மாதமும் அப்படியே இருந்தது. மூன்று தலைமுறையாக இந்த மண்ணில் இருக்கிறோம் சார். காரணம் கேட்டால், இந்தியர் சமையல் வாசனையாம்! கருவாடு வறுக்காத வீடு பினாங்கில் எங்கே இருக்கிறது?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வாரம் ஐந்து நாள் வேலைக்கு ஜெர்மனிச் சட்டம் தரும் குறைந்தபட்ச ஆண்டு விடுப்பு 20 நாள். இங்கே வேலையில் 2 வருஷம் முடியும்வரை 8 நாள்தான், அந்த 8 நாளுக்கு மேல் வேண்டுமென்றால் கம்பெனி மனது வைத்தால் உண்டு. மலேசியக் கம்பெனி உங்களுக்கு எத்தனை நாள் எழுதியிருக்கிறது, குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு தருகிறார்களா? கமெண்டில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.