கேள்வி பதில்: அந்தப் பட்டையை நம்பலாமா?

ஜெலுத்தோங், பினாங்கிலிருந்து ஒரு மாணவி: அக்கா, முதுகலை ஆய்வுக்காக மார்பகப் புற்றுநோய் செல்களில் சைக்ளின் பி1 புரதத்தைப் பார்க்கிறேன். நொக்கோடசோல் மருந்து கொடுத்த செல்களில் வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை எடை வாரியாகப் பிரித்து, ஒரு குறிப்பிட்ட புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடியால் அதைக் காட்டும் சோதனை) பட்டை பளிச்சென்று வரும் என்றார்கள். எனக்கு மங்கலாகத்தான் வருகிறது, 40 கிலோடால்டன் (புரதத்தின் எடை அளவு) பக்கத்தில் வேறொரு பட்டையும் விழுகிறது. ஆன்டிபாடி கெட்டுவிட்டது, புதிதாக வாங்கு என்கிறார் லேப் சீனியர். இரண்டாயிரம் ரிங்கிட்டுக்கு மேல் குவோட்டேஷன் வந்திருக்கிறது. வாங்கட்டுமா?

இப்போதைக்கு வாங்காதே தங்கச்சி. முதலில் ஒன்று சொல், மருந்து கொடுத்த தட்டிலிருந்து செல்களை எடுக்கும்போது மேலே நிற்கும் திரவத்தை என்ன செய்தாய்? உறிஞ்சிக் கொட்டிவிட்டு, பிபிஎஸ் உப்புக் கரைசலில் இரண்டு தடவை கழுவிவிட்டு, ஒட்டியிருந்த செல்களை மட்டும் சுரண்டி எடுத்திருந்தால் உன் சைக்ளின் பி1 சிங்க்கில் போய்விட்டது.

நொக்கோடசோல் மைக்ரோட்யூப்யூல் உருவாகவிடாமல் தடுப்பதால் செல், பிரியும் கட்டத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும். அந்த நேரத்தில்தான் சைக்ளின் பி1 உச்சத்தில் இருக்கும், சாதாரணமாக என்றால் செல் இரண்டாகப் பிரியும் தறுவாயில் அதைச் சிதைத்துவிடும். அப்படி மாட்டிக்கொண்ட செல் தட்டையாகப் படுத்திருக்காது. உருண்டுவிடும், மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஓரமெல்லாம் மின்னுகிற முத்து மாதிரி தெரியும், தட்டை லேசாகத் தட்டினாலே கழன்று மிதக்கும். அதைச் செத்த செல் என்று நினைத்துக் கொட்டுகிறவர்கள் ரொம்பப் பேர். நானும் கோலாலம்பூரில் லேபில் இருந்த காலத்தில் ஒரு மாதம் முழுக்க இப்படியே கொட்டியிருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். அடுத்த தடவை திரவத்தை ஒரு டியூபில் பிடித்து சென்ட்ரிஃபியூஜில் சுற்று. அடியில் படிவதையும் ஒட்டியிருந்த செல்களோடு சேர்த்து உடை.

அப்புறம் அந்த இரண்டாவது பட்டை. சைக்ளின் பி1 55இலிருந்து 60 கிலோடால்டனுக்குள் ஓடும். 40இல் விழுவது புரதம் சிதைந்த துண்டாக இருக்கலாம், சிதைவைத் தடுக்கும் புரோட்டியேஸ் இன்ஹிபிட்டர் போட மறந்தாயா என்று பார். இல்லையென்றால் ஆன்டிபாடி வேறு எதையோ பிடிக்கிறது. இதை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, செல்லையே கேட்கலாம்: தைமிடின் கொடுத்து டிஎன்ஏ படியெடுப்பின் தொடக்கத்தில் நிறுத்திய செல் ஒரு லேனில் (பிளாட்டின் ஒரு வரிசையில்), நொக்கோடசோல் செல் பக்கத்து லேனில், எஸ்ஐஆர்என்ஏ போட்டு சைக்ளின் பி1 உற்பத்தியைக் குறைத்த செல் மூன்றாவது லேனில், எல்லாவற்றுக்கும் கீழே, புரதம் சம அளவில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க, ஆக்டின் என்ற புரதம். முதல் லேனில் மங்கி, இரண்டாவதில் ஏறி, மூன்றாவதில் இறங்குகிற பட்டைதான் உன்னுடையது. மூன்றிலும் ஒரே மாதிரி நிற்கிற பட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை வைத்துத் தீசிஸில் ஒரு வரிகூட எழுதாதே. ஹீலா (லேப்களில் பரவலாக வளர்க்கும் புற்றுச் செல் வகை) செல்லை உடைத்து எடுத்த லைசேட் யாரிடமாவது இருந்தால் கொஞ்சம் வாங்கி, ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் ஓட்டு.

இதெல்லாம் செய்தும் வரவில்லை என்றால் சரி, புதிது வாங்கு. வாங்கும்போது குளோன் எண்ணையும் (எந்த ஆன்டிபாடி) லாட் எண்ணையும் (எந்தத் தயாரிப்புத் தொகுதி) நோட்டுப் புத்தகத்தில் எழுதி வை. வந்த அன்றே சின்னச் சின்ன டியூபில் பிரித்து வை, ஒரே டியூபைத் திரும்பத் திரும்ப உறையவைத்து உருக்கினால் ஆன்டிபாடி வீணாகும்.

செந்தூல், கோலாலம்பூரிலிருந்து ஒரு வாசகி: அம்மாவுக்கு மார்பில் கட்டி. பயாப்சி ரிப்போர்ட்டில் கேஐ-67 30 சதவீதம் என்று போட்டிருக்கிறது. உடம்பில் 30 சதவீதம் பரவிவிட்டது என்கிறார் சித்தப்பா. இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

அம்மாவிடம் முதலில் போய்ச் சொல்லுங்கள், அந்த எண்ணுக்கும் பரவலுக்கும் சம்பந்தமில்லை. ஊசியில் எடுத்த துண்டில் உள்ள புற்றுச் செல்களில் நூற்றுக்கு முப்பது, பிரிவதற்கான சுழற்சியில் இருக்கின்றன என்பதுதான் அதற்கு அர்த்தம். கேஐ-67 என்ற புரதம் சுழற்சியில் இருக்கும் செல்லின் கருவில் இருக்கும், ஓய்வில் இருக்கும் செல்லில் இருக்காது. ஆன்டிபாடி ஒட்டிய கரு பழுப்பாகவும் மற்றவை நீலமாகவும் தெரிய, பெத்தலஜி டாக்டர் கண்ணால் எண்ணுகிறார், குறைந்தது 500 செல்லாவது எண்ண வேண்டும் என்பது நிபுணர்களின் பரிந்துரை. அதே சாயத்தைத் தொண்டைச் சதையான டான்சில் துண்டிலும் போட்டுப் பார்ப்பார்கள். அதில் எந்த இடம் பழுப்பாக வேண்டும் என்பது முன்பே தெரியும், அங்கே வரவில்லை என்றால் அம்மாவின் சிலைடையும் நம்ப மாட்டார்கள்.

இந்தப் பெயர் ஜெர்மனியின் கீல் நகரத்திலிருந்து வந்தது. 1983இல் அங்கே கண்டுபிடித்தவர்கள் ஊர்ப் பெயரின் முதல் இரண்டு ஆங்கில எழுத்தோடு, செல் வளர்த்த தட்டில் அந்த ஆன்டிபாடி கிடைத்த குழியின் எண் 67ஐச் சேர்த்துக்கொண்டார்கள். முதலில் உறையவைத்த திசுவில் மட்டும்தான் அது வேலை செய்தது. 1990களின் தொடக்கத்தில் எம்ஐபி-1 என்ற ஆன்டிபாடி வந்த பிறகுதான் மெழுகில் பதித்த திசுவிலும், மைக்ரோவேவில் சூடாக்கிய பின், பார்க்க முடிந்தது. அம்மாவின் ரிப்போர்ட் வரைக்கும் அது வந்து சேர்ந்தது அப்படித்தான்.

30 குறைவான எண் என்று நான் சொல்லவில்லை, வேகமாகப் பெருகும் பக்கம்தான். ஆனால் இந்த எண்ணை மட்டும் வைத்து யாரும் சிகிச்சையை முடிவு செய்வதில்லை. ரிப்போர்ட்டில் ஈஆர், பிஆர் (இரண்டும் ஹார்மோன் ஏற்பிகள்), ஹெர்2 (செல் வளர்ச்சியைத் தூண்டும் புரதம்) என்று மூன்று வரி இருக்கும், கட்டியின் கிரேடும் (செல்கள் இயல்பிலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன என்பதும்) இருக்கும். டாக்டரைப் பார்க்கப் போகும்போது அந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, இவற்றோடு சேர்த்துப் பார்த்தால் அம்மாவுக்கு கீமோ வேண்டுமா என்று நேராகக் கேளுங்கள். பரவலைப் பற்றிய கேள்வியை ஸ்கேன் முடிவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சித்தப்பாவையும் கூட அழைத்துப் போங்கள், அவரும் பயந்துதான் சொல்லியிருப்பார்.

பாயான் லெப்பாஸிலிருந்து ஒரு வாசகர்: இந்த ஆன்டிபாடிக்காக ஒவ்வொரு தடவையும் எலியைக் கொல்கிறார்களா?

ஒவ்வொரு தடவையும் இல்லை ஐயா. 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் கேம்பிரிட்ஜில் கண்டுபிடித்த முறையில், தேவையான புரதத்தை ஊசியாகப் போட்ட எலியின் மண்ணீரல் செல்லை ஒரு புற்றுச் செல்லோடு இணைத்துவிடுவார்கள். அதற்கு எலி உயிரை விடத்தான் வேண்டும், அதை மறைக்க மாட்டேன். இணைந்த செல் குடுவையில் வளர்ந்துகொண்டே ஒரே ஆன்டிபாடியைச் சுரந்துகொண்டிருக்கும். இப்போது அதன் மரபணு வரிசையை எடுத்து வேறு செல்லில் வைத்துத் தயாரிக்கும் ரீகாம்பினன்ட் ஆன்டிபாடிகளும் கிடைக்கின்றன. லேபுக்கு லேப், லாட்டுக்கு லாட் மாறாமல் வருவதும் அவைதான், அதனால் ஜெலுத்தோங் தங்கச்சி வாங்குவதாக இருந்தால் அதையே கேட்டுப் பார்க்கட்டும்.