இரண்டாவது ஹார்டு டிஸ்க் பீரோவில் இருக்கட்டும்

கேள்வி: வீட்டுக் கணினியில் 14 வருடக் குடும்பப் படங்கள், கல்யாண வீடியோ என்று ஒரு டெராபைட் சேர்ந்துவிட்டது. புதிதாக ஒரு கணினி அசெம்பிள் செய்கிறோம். ஒரு ஹார்டு டிஸ்க் போதும் என்று நினைத்தேன். கடைக்காரரோ, "2 டெராபைட் டிஸ்க் இரண்டு போட்டு ரெய்டு செய்து தருகிறேன், அப்புறம் பேக்கப்பே எடுக்க வேண்டாம்" என்கிறார். நம்பலாமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: டிஸ்க் இரண்டு வாங்குங்கள். ரெய்டு, அதாவது பல டிஸ்குகளைக் கோர்த்து ஒரே டிஸ்க் போல ஓட வைப்பது, வேண்டாம். ஒன்று கணினிக்குள் இருக்கட்டும். மற்றதை யுஎஸ்பியில் செருகும் வெளி டிஸ்க்காக வாங்கி, வாரம் ஒருமுறை படங்களை நகலெடுத்துவிட்டு, கழற்றி பீரோவில் வையுங்கள். செலவு ஏறக்குறைய ஒன்றுதான்.

கடைக்காரர் மனதில் இருப்பது ரெய்டு 1 என்றே வைத்துக்கொள்வோம். எழுதுவதையெல்லாம் இரண்டு டிஸ்கிலும் ஒரே நேரத்தில் எழுதும். ஒன்று செத்தால் மற்றது ஓடும். அதுவரை சரி. ஆனால் வீட்டில் யாராவது கல்யாண வீடியோவைத் தவறி அழித்தால் அதே நொடியில் இரண்டிலும் போய்விடும். வைரஸ் வந்து ஃபைல்களைப் பூட்டினால் இரண்டையும் சேர்த்தே பூட்டும். இடி இறங்கி எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள் கரண்ட் கொடுக்கும் பெட்டி) போனால்? இரண்டு டிஸ்கும் அதே எஸ்எம்பிஎஸ்ஸில்தானே கரண்ட் எடுக்கின்றன. 1987-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ரெய்டுக்குப் பெயர் வைத்தவர்களுக்கு இருந்த கவலையே வேறு. விலை உயர்ந்த பெரிய டிஸ்க் ஒன்றுக்குப் பதிலாக மலிவான சின்ன டிஸ்குகள் பலவற்றைக் கோர்க்க வேண்டும், அதில் ஒன்று செத்தாலும் வேலை நிற்கக் கூடாது. பேக்கப் எடுக்காமல் இருக்க வழி என்று அவர்கள் சொல்லவில்லை.

ஏற்கெனவே ரெய்டு போட்டு வாங்கிவிட்டவர்கள் ஒன்றைப் பாருங்கள். இரண்டு 2 டெராபைட் டிஸ்குக்கு விண்டோஸ் மொத்தம் 1.81 டெராபைட் காட்டினால் அது ரெய்டு 1. 3.6-ஐ ஒட்டிக் காட்டினால் ரெய்டு 0. பாதிப் பாதியாகப் பிரித்து எழுதும் வகை. ஒரு டிஸ்க் செத்தாலும் மொத்தமும் போச்சு. "ரெய்டு போட்டிருக்கு சார்" என்று பாதுகாப்பாக நினைத்துக்கொண்டு இதை வைத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், கடைகளில் போட்டுத் தருவது பெரும்பாலும் மதர்போர்டு ரெய்டு, அதாவது மதர்போர்டிலேயே இருக்கும் வசதியை ஆன் செய்வது. மதர்போர்டில் ஐந்து ரூபாய் நாணயம் போல ஒரு வட்ட பேட்டரி இருக்கும், சிஆர்2032. இரவில் சுவர் சுவிட்சையே அணைக்கும் வீடுகளில் அது சீக்கிரம் தீரும். தீர்ந்தால் பயாஸ் (கணினி ஆன் ஆனதும் முதலில் ஓடும் மதர்போர்டு மென்பொருள்) அமைப்புகள் பழைய நிலைக்குப் போகும். பல போர்டுகளில் ரெய்டு அமைப்பும் அதோடு போகும். போன வருடம் ஒரு குடும்பம் இதோடுதான் வந்தது. விண்டோஸ் வரவில்லை என்று அவர்கள் கூப்பிட்ட தெரிந்த பையன், டிஸ்குகள் தனித்தனியாகத் தெரிவதைப் பார்த்து, புது டிஸ்கைத் தயார் செய்வது போல 'இனிஷியலைஸ்' கொடுத்து, ஃபார்மட்டும் செய்து, விண்டோஸும் ஏற்றிவிட்டான். பேட்டரியை மாற்றி பயாஸில் ரெய்டைத் திரும்ப ஆன் செய்திருந்தாலே போதும்.

சந்தையில் இன்னொரு கூத்து நடக்கிறது. சிசிடிவி பெட்டியில் இரவு பகலாக ஓடிய டிஸ்கைத் துடைத்து, உறை போட்டுப் புதுசு என்று விற்கிறார்கள். வாங்கிய அன்றே கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஓடிய மணிக்கணக்கைப் பாருங்கள். ஒற்றை இலக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு வருடம் நிற்காமல் ஓடினால் 8,760 மணி. இந்தக் கணக்கையே அழித்துவிடும் ஆட்களும் உண்டு. அதனால் தயாரிப்பாளரின் தளத்தில் சீரியல் நம்பரைப் போட்டு வாரண்டி எதுவரை என்றும் பாருங்கள். வாரண்டியே ஒரு தனி எரிச்சல். டிஸ்க் செத்தால் பெரும்பாலும் பழுது பார்த்த வேறொரு டிஸ்கைக் கொடுப்பார்கள். உள்ளே இருந்த படங்கள்? அது அவர்கள் பொறுப்பில் வராது என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். செத்த டிஸ்கை சாதாரண அறையில் ஸ்க்ரூ டிரைவரால் திறந்துவிட்டு, அதற்குப் பிறகு தொகை சொல்லும் 'ரெக்கவரி' ஆட்களிடமும் போகாதீர்கள்.

ரெய்டு 1 நியாயமாகும் ஓர் இடம் உண்டு. உங்கள் ஊரில் பலர் வீட்டிலிருந்தே நாலைந்து கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதுகிறார்கள். மாதம் 20-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி மாதக் கணக்கைப் போட வேண்டும், 19-ம் தேதி மாலை டிஸ்க் சாகிறது. பேக்கப் பத்திரமாக இருக்கும். ஆனால் புது டிஸ்க் வாங்கி, விண்டோஸ் ஏற்றி, கணக்கு மென்பொருளான டேலியைப் போட்டு, லைசென்ஸைத் திரும்பப் பதிந்து, பிரிண்டர் டிரைவர் தேடி முடிக்க ஒரு நாள் ஓடிவிடும். ரெய்டு 1 இருந்தால் அன்று வேலை நிற்காது. விண்டோஸும் டேலியும் ரெய்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். சி டிரைவைத் தனி டிஸ்கில் வைத்துவிட்டு டேட்டாவுக்கு மட்டும் ரெய்டு போட்டால் இந்தப் பலன் கிடையாது. அப்போதும் பீரோ டிஸ்க் வேண்டும். குடும்பப் படங்கள் ஒரு நாள் திறக்காவிட்டால் யாருக்கும் அபராதம் வராது, அதனால் உங்களுக்கு இது தேவையில்லை.

வாங்கும்போது பில்லில் இரண்டு டிஸ்கின் சீரியல் நம்பரையும் எழுதச் சொல்லுங்கள். "அதெல்லாம் எழுதறதில்லைங்க" என்றால் வேறு கடை பாருங்கள்.