கோல்மார் மடமும் ஒரு துண்டுக் காகிதமும்

வணக்கம் சார்,

பிரான்ஸில் கோல்மார் ஊரின் உன்டர்லிண்டன் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தோம். ஈசன்ஹைம் பலிபீட ஓவியத்தில் சிலுவையில் தொங்கும் இயேசுவைப் பார்த்ததும் என் மனைவி முற்றத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். மேலெல்லாம் புண், பச்சை பாய்ந்த தோல். கும்பிடும் உருவத்தை இப்படியா வரைவார்கள்? கன்னியர் ஜெபித்த மடத்தில் டிக்கெட் வாங்கி நுழைந்ததும் உறுத்தியது.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் மனைவி எழுந்து போனதில் தப்பே இல்லை. நானும் முதலில் விரல்களை மட்டும்தான் பார்த்தேன். பத்தும் பத்துப் பக்கம் விறைத்து நிற்கின்றன.

டிக்கெட் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். 1232இல் இரண்டு விதவைகள் தொடங்கிய மடம் அது. பிறகு தொமினிக்கன் சபைக் கன்னியர் மடமானது. பிரெஞ்சுப் புரட்சியில் அவர்களை வெளியேற்றினார்கள், அப்புறம் அது படைவீரர்களின் குடியிருப்பு. 1853இல் அருங்காட்சியகம் வந்தது. சிப்பாய்களைவிட டிக்கெட் கவுண்டர் எவ்வளவோ தேவலை.

அந்தக் கன்னியர் ஒருநாளும் இந்த ஓவியத்தின் முன் ஜெபித்ததில்லை. அது தெற்கே சுமார் 25 கிலோமீட்டரில் இருக்கும் ஈசன்ஹைமிலிருந்து புரட்சிக் காலத்தில் கோல்மாருக்கு வந்தது. அங்கே அதை வைத்திருந்தவர்கள், எகிப்துப் பாலைவனத்தில் தவமிருந்த வனத்து அந்தோனியார் பெயரில் இயங்கிய துறவிகள். அவர்கள் மடத்தில் மருத்துவமனையும் இருந்தது. உங்கள் கேள்விக்குப் பதில் அங்கேதான்.

அந்தக் காலத்து ஐரோப்பிய ஏழைகளின் ரொட்டி ரை தானியத்தில் சுட்டது. ஈரமான வருஷங்களில் ரைக் கதிரில் கறுப்புக் கொம்பு மாதிரி ஒரு பூஞ்சை முளைக்கும். நம்மூர்க் கம்பில் தேன் ஒழுகல் நோயைக் கொண்டுவரும் பூஞ்சைக்கு அது பங்காளி. மாவோடு அரைபட்டு உள்ளே போனால் ரத்தக் குழாய்கள் சுருங்கும். நெருப்பு வைத்ததுபோல் எரியும். கை கால் கறுத்து அழுகும். 'அந்தோனியார் நெருப்பு' என்றார்கள். துறவிகள் நல்ல ரொட்டி கொடுத்தார்கள், களிம்பு பூசினார்கள், அழுகிய உறுப்பை வெட்டி எடுத்தார்கள்.

மத்தியாஸ் க்ரூனவால்ட் 1512க்கும் 1516க்கும் இடையில் அந்த நோயாளிகள் கண்ணில் படத்தான் இதை வரைந்தார். அவர்களுக்கு அழகான இயேசு எதற்கு?

எனக்கு உறுத்துவது வேறொன்று. இது கதவுகள் கொண்ட ஓவியம். மூடியிருந்தால் சிலுவை. விழா நாளில் திறந்தால் உள்ளே உயிர்த்தெழும் இயேசு. அந்த உடம்பில் ஒரு சொறி கிடையாது, சிலுவைக் காயங்களின் தடம் மட்டும். அதற்கும் உள்ளே நிக்லாஸ் ஹாகனாவ் செதுக்கிய, பொன் பூசிய அந்தோனியார். சிலுவையையே பார்த்துக் கிடந்த நோயாளி அந்தக் கதவு திறக்கும் நாளுக்காகக் காத்திருந்திருப்பார். இன்று பலகைகளைத் தனித்தனியே பிரித்து நிறுத்தியிருக்கிறார்கள். சுற்றி நடந்தால் கால் மணியில் எல்லாம் முடிந்துவிடுகிறது. எல்லாரும் எல்லாப் பக்கமும் பார்க்க வேறு வழியில்லை, சரி. ஆனாலும் அந்தக் காத்திருப்பு போய்விட்டது.

மறுபடி போனால் உங்கள் மனைவியை நேரே அந்தோனியாரைப் பேய்கள் அடிக்கும் பலகைக்குக் கூட்டிப் போங்கள். இடது கீழ் மூலையில் வயிறு வீங்கி, உடம்பெல்லாம் கொப்புளமாக ஒருவன் சரிந்து கிடக்கிறான். வலது கீழ் மூலையில் ஒரு துண்டுக் காகிதம். அதில் லத்தீனில் அந்தோனியாரின் கேள்வி: "எங்கே இருந்தீர், நல்ல இயேசுவே, எங்கே இருந்தீர்? என் காயங்களை ஆற்ற ஏன் வரவில்லை?"