பழைய செயின்சாவை ரீபில்ட் பண்ணும்போது கிராங்க் ஆயில் சீலையும் மாற்ற வேண்டுமா? என்ஜினை இரண்டாகப் பிரிக்காமல் மாற்ற முடியுமா?

கட்டாயம் மாற்றுங்கள். கிராங்க் தண்டு என்ஜினை விட்டு வெளியே வருகிற இரண்டு பக்கமும், கிளட்சுக்குப் பின்னாலும் மேக்னெட்டுக்குப் பின்னாலும், காற்று புகாமல் அடைக்கிற ரப்பர் வளையம்தான் இந்த சீல். பெரும்பாலான மிஷின்களில் என்ஜினைப் பிரிக்காமலே மாற்றிவிடலாம்.

கூடலூர் பக்கம் எஸ்டேட்களில் சில்வர் ஓக் அறுக்கிற மிஷின்கள்தான் என்னிடம் அதிகம் வரும். பிஸ்டன் பிடித்துவிட்டது என்று புது போர் (சிலிண்டர்), பிஸ்டன், ரிங் எல்லாம் போட்டிருப்பார்கள். கொஞ்ச நாளில் அதுவும் சைலன்சர் பக்கம் கோடு கோடாகக் கீறிக்கொண்டு திரும்பி வரும். கழற்றிப் பார்த்தால் சீல் மட்டும் கம்பெனியில் போட்ட அதே பழசு. ஆயிரக்கணக்கில் செலவு பண்ணிவிட்டு, சில நூறு ரூபாய் சாமானை விட்டுவிடுவதைப் பார்க்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் மேலே ஏறும்போது கிராங்க் கேஸுக்குள் வேக்குவம் உண்டாகி, கார்ப்ரேட்டர் வழியாகப் பெட்ரோலும் காற்றும் உள்ளே வருகின்றன. பிஸ்டன் இறங்கும்போது அதே கலவை அமுங்கி மேலே போகிறது. ஒவ்வொரு சுற்றிலும் சீல் இந்த இரண்டையும் தாங்க வேண்டும். வருஷக்கணக்கில் மூலையில் கிடந்த மிஷினில் சீலின் உதடு, அதாவது கிராங்கைத் தொட்டு ஓடுகிற மெல்லிய ரப்பர் விளிம்பு, காய்ந்து இறுகியிருக்கும். அந்த இடுக்கில் காற்று புகுந்தால் கலவையில் பெட்ரோல் குறையும். ஆயிலும் பெட்ரோலோடுதானே வருகிறது, அதுவும் சேர்ந்து குறையும். சூடு ஏறி, வழுக்கல் இல்லாமல் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் வைத்திருந்தவர்களுக்கு இந்த நோய் பழக்கம். மேக்னெட் (காந்தச் சக்கரம்) பக்கம் சீல் போனால் வண்டி தானாக ரேஸ் ஆகும். செயின்சாவும் அப்படித்தான்: ஆக்சிலேட்டரை விட்டாலும் சத்தம் உடனே இறங்காது, பக்கவாட்டில் சாய்த்தால் ஐட்லிங் மாறும், கார்ப்ரேட்டரை எத்தனை தடவை ட்யூன் பண்ணினாலும் நிற்காது. ஆனால் பெட்ரோல் டியூப் வெடித்திருந்தாலும், கார்ப்ரேட்டருக்கும் போருக்கும் நடுவில் உள்ள ரப்பர் கிழிந்திருந்தாலும் இதே குறிதான். அதனால் கழற்றுவதற்கு முன் டெஸ்ட் பண்ணிவிடுங்கள். சைலன்சரைக் கழற்றி, அந்த வாயை ஒரு ரப்பர் ஷீட் வைத்து அடையுங்கள். பிளக் போட்டபடியே இருக்கட்டும். கார்ப்ரேட்டர் பக்கம் கை பம்பை மாட்டி 0.5 பார் அழுத்தம் ஏற்றுங்கள். 20 விநாடி முள் அசையக்கூடாது. கசிந்தால் சோப்புத் தண்ணீர் விட்டால் குமிழ் வரும் இடம் தெரிந்துவிடும்.

அதோடு நிறுத்தாதீர்கள், வேக்குவமும் பாருங்கள். இதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். உள்ளே அழுத்தம் இருக்கும்போது அதுவே சீல் உதட்டைக் கிராங்கோடு அமுக்கிப் பிடிக்கும், அதனால் தேய்ந்த சீல்கூடத் தாங்கும். வேக்குவத்தில் வெளிக்காற்று அந்த உதட்டைத் தூக்கிவிடும், அப்போதுதான் குட்டு வெளிப்படும். 0.5 பார் வேக்குவம் இழுத்துவிட்டு, கிராங்கை மெதுவாகச் சுற்றியபடி முள்ளைப் பாருங்கள். 20 விநாடிக்குள் அது 0.3க்கும் கீழே இறங்கினால் சீல் போய்விட்டது என்று அர்த்தம்.

கழற்றும்போது நினைவில் வையுங்கள், பெரும்பாலான செயின்சாக்களில் கிளட்ச் இடது மரை. கடிகாரம் சுற்றுகிற பக்கம் திருப்பினால்தான் கழலும். பிஸ்டனைத் தடுக்க பிளக் ஓட்டையில் கயிறு விடுவோம். பிஸ்டன் மேலே ஏறி சைலன்சர் துவாரத்தை மூடிய பிறகே கயிற்றை விடுங்கள், இல்லாவிட்டால் அந்தத் துவாரத்தில் சிக்கி அறுபடும். மேக்னெட்டுக்கு புல்லர் (இழுத்துக் கழற்றுகிற கருவி) போடுங்கள், சுத்தியல் வேண்டாம்.

சீலை எடுக்க, அதன் தகட்டு முகத்தில் சின்ன டிரில் பிட்டால் ஓட்டை போட்டு, ஸ்குரூ முறுக்கி, பிளையரால் பிடித்து இழுக்கலாம். பிட்டின் முனையில் கிரீஸ் தடவுங்கள், தூள் அதில் ஒட்டிக்கொள்ளும். தகடு துளைபட்டதும் கையை நிறுத்துங்கள், பின்னாலேயே பேரிங் இருக்கிறது. ஸ்குரூடிரைவரை கிராங்கின் மேல் முட்டுக்கொடுத்து நெம்பவே கூடாது. ஒரு கீறல் விழுந்தால் போதும், புது சீலும் அந்த வழியாகக் காற்று விடும்.

சீல் வந்ததும் கிராங்கை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் பேரிங் போய்விட்டது. அப்போது என்ஜினைப் பிரித்துத்தான் ஆக வேண்டும், அந்த பேரிங்கை வைத்துக்கொண்டு சீல் மட்டும் போட்டால் நிற்காது. ஆட்டம் இல்லையென்றால் துருவை நைஸ் எமரியால் துடைத்து, தூளைச் சுத்தமாக எடுத்துவிடுங்கள். பழைய உதடு ஓடிய இடத்தில் விரல் நகம் தட்டுகிற அளவுக்குப் பள்ளம் இருந்தால், புது சீலைக் கொஞ்சம் முன்னே பின்னே உட்கார வையுங்கள், உதடு தேயாத இடத்தில் ஓடும்.

மாடலுக்கான சீல் கிடைக்கவில்லை என்றால் பேரிங் கடையில் கேளுங்கள். உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் என்று மூன்று அளவும் பழைய சீலின் முகத்திலேயே இருக்கும். கிடைத்தால் வைட்டான் என்கிற ரப்பரில் செய்த சீலை வாங்குங்கள், சூட்டையும் பெட்ரோலையும் சாதா ரப்பரைவிட நன்றாகத் தாங்கும். இப்போது பங்கில் வருகிற பெட்ரோலில் 20% வரை எத்தனால் இருப்பதால் நான் அதைத்தான் போடுகிறேன்.

போடும்போது ஸ்பிரிங் இருக்கிற பக்கம் கிராங்க் கேஸைப் பார்த்து இருக்கட்டும். உதட்டில் கிரீஸ் தடவி, கிராங்கின் மரையையும் கீ பள்ளத்தையும் மெல்லிய டேப்பால் மூடிவிட்டு நுழையுங்கள். சீலின் வெளி விளிம்பில் உட்காருகிற சாக்கெட்டை வைத்து நேராகத் தட்டுங்கள். முடிந்ததும் மறுபடி வேக்குவம் டெஸ்ட். புது சீல் என்பதால் இதைத் தவிர்க்க வேண்டாம்.

ஸ்டில் எம்எஸ் 180 மாதிரி சின்ன மிஷின்களில் வேலை வேறு. கிராங்குக்குக் கீழே தனி மூடிதான் இருக்கும், அதைக் கழற்றினால் சீல் கையோடு வந்துவிடும். ஆனால் என்ஜினையே பாடியிலிருந்து இறக்க வேண்டும், மூடியைத் திரும்பப் போடும்போது சீலன்ட்டும் தடவ வேண்டும்.

கடைசியாக கார்ப்ரேட்டர். காற்று கசிந்த காலத்தில் யாராவது ஸ்குரூவைத் திறந்து பெட்ரோலைக் கூட்டி ஓட்டியிருப்பார்கள். புது சீல் போட்டதும் அதே செட்டிங்கில் புகை தள்ளி மூச்சுத் திணறும். பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிற இரண்டு ஸ்குரூவையும் அந்த மாடலின் ஆரம்ப அளவுக்குக் கொண்டுவந்து, புதிதாக ட்யூன் பண்ணுங்கள்.